தங்கலுக்குப் போன வீடு

'இரு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் தொம்மை 'வா' என்று சொல்லிவிட்டான். நடந்த தப்பு இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை. சிலுவைமுனையில் ஒருவன் முதல்முதலாகத் தங்கலுக்குப் போவதாக இருந்தால், அதாவது பொழுது சாயக் கரைக்குத் திரும்பாமல் ராத்திரி முழுக்கக் கடலிலேயே கிடந்து மீன் பிடித்துவிட்டு மறுநாள் வருவதாக இருந்தால், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வாசல் நிலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "இரு, வாரேன்" என்று வீட்டிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீடு ஏங்கிப்போகும், ஓடு சரியும், அடுப்பு புகையும், உப்புச் சாடியில் தண்ணீர் விடும் என்பார்கள். தொம்மையோ இருபது வருஷத்துக்கு மேலாகத் தன் சின்ன வள்ளத்தை விடியலில் இறக்கி, இருட்டுமுன் கரையேற்றி, வீட்டில் வந்து படுத்துப் பழகியவன். தினமும் வள்ளத்தின் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டி "வா, போவோம்" என்று சொல்லித்தான் அதைத் தண்ணீருக்குத் தள்ளுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை தெரு சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, வெட்கத்தில் காது சிவக்க, அவன் நிலையைத் தட்டியதும் வாய் தன் பழக்கத்துக்கு "வா, போவோம்" என்று சொல்லிவிட்டது. அந்த நிலை அவன் அப்பாவின் பழைய வள்ளத்தை உடைத்த பலகையில் செய்தது வேறு. பலகைக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும்.

எல்லாரும் சிரித்தார்கள். தொம்மையும் சிரித்தான். அவன் மனைவி கித்தேரி மட்டும் சிரிக்காமல் நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் அவன் சொன்னதும் வீட்டுக்குள் அடுக்கில் இருந்த பித்தளைச் செம்பு ஒன்று 'டிங்' என்று ஒலித்தது அவள் காதில் விழுந்திருந்தது.

மறுநாள் காலையில் அவள் பின்வாசலைத் திறந்து, குடத்தோடு காலை வெளியே வைத்தால், எப்போதும் ஒரு எட்டில் இருக்கிற துவைக்கிற கல் இரண்டு எட்டு தள்ளிக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரை ஒரு முழம் அகலத்துக்குப் பின்சுவருக்கு வெளியே வெயிலில் கிடந்தது. முன்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே அதே ஒரு முழம் அகலத்துக்கு வீட்டுக்குள் மணல். தரை இருந்த இடத்தில் இருக்க, சுவரும் கூரையும் கதவும் சன்னலும் கடலைப் பார்த்து ஒரு முழம் நகர்ந்திருந்தன. பின்சுவர் தள்ளிக்கொண்டு வந்ததில் அடுப்பு சாய்ந்திருந்தது. அவள் அடுப்பை நிமிர்த்தி வைத்து, உலையைப் போட்டுவிட்டு, தொம்மையை எழுப்பினாள்.

"வீடு கிளம்பிட்டு," என்றாள்.

தொம்மை எழுந்து வந்து பார்த்தான். நிலையைத் தட்டி "இரு, வாரேன்" என்றான். உள்ளே வந்து சுவரைத் தட்டிச் சொன்னான். வெளியே போய்க் கூரையின் தாழ்வாரத்தைத் தொட்டுச் சொன்னான். தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்தான். சாயங்காலம் பார்த்தால் இன்னும் ஒரு முழம் போயிருந்தது. அது நகர்வதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் சும்மா நிற்கும், ஒரு தும்மல் தும்மி நிமிர்ந்தால் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

கித்தேரியின் தம்பி லெயோன்தான் தொம்மையைத் தங்கலுக்குக் கூப்பிட்டவன். பெரிய இஞ்சின் வள்ளம் அவனுடையது. அவன் வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இறங்கச் சொன்னதைத் தண்ணி தொடாமத் திருப்பக் கூடாது அத்தான். வள்ளத்துக்கு உள்ள சட்டம்தான் வீட்டுக்கும். வியாழக்கிழமை நம்ம பின்னால வரும், வந்துட்டுத் திரும்பிரும். விடுங்க," என்றான். கூடி நின்றவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. கடலைத் தொடாமல் பாதியில் திருப்பின எதுவும் உருப்பட்டதில்லை என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அதற்குப் பிறகு ஊருக்கு இருந்த கவலையெல்லாம் வீடு ஏன் போகிறது என்பதல்ல, எந்த வழியாகப் போகும் என்பதுதான். பக்கத்து வீட்டு வியாகுலத்தின் துணிக்கொடியில் கூரை இடித்தது. வியாகுலம் வாய் ஓயாதவள், ஆனால் மனசு வெள்ளை. "ஏட்டி கித்தேரி, ஒன் வீடு எங்க கொடியில இடிக்கி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நான் அவுத்துத் தந்திருப்பேன்லா," என்று கோபித்துக்கொண்டே கொடியை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினாள். லைன்மேன் வந்து, வீடு நகர நகர விட்டுக்கொடுக்கிற மாதிரி வயரைச் சுருளாகப் போட்டு நீட்டிக் கட்டிவிட்டு, கடலுக்குள் இறங்குவதற்கு முன்னால் பியூசைப் பிடுங்கி வைத்துவிடச் சொல்லிப் போனார். ஊர்க் கமிட்டி, மாதா சிலை வைத்த கல்குகையான கெபிக்கு முன்னால் கூடியது. தலைவர் இன்னாசி பர்னாந்து, வீடு கோயில் வாசலை மறிக்கக் கூடாது, வலை காயப்போடுகிற களத்தை மிதிக்கக் கூடாது, ஐஸ் கம்பெனி ஓரமாகத் திரும்பி இறங்கினால் யாருக்கும் தொந்தரவில்லை என்று தீர்த்துச் சொன்னார். யார் போய் வீட்டிடம் சொல்வது என்று ஒருவர் கேட்டதற்கு, அந்தப் பக்கம் கிடந்த வள்ளங்களை எடுத்துவிட்டு வழி விட்டால் அதுவே புரிந்துகொள்ளும் என்றார். அப்படியே செய்தார்கள், அதுவும் அப்படியே புரிந்துகொண்டது. கடலுக்குப் போகிற எதற்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று செவ்வாய்க்கிழமை பெயிண்டு டப்பாவோடு வந்து, வள்ளத்துக்கு எழுதுகிற மாதிரி நீல எழுத்தில், பக்கச் சுவரில் 'கித்தேரி' என்று எழுதிவிட்டும் போனார்கள். அவளிடம் கேட்கவில்லை. பெண்டாட்டி பெயரைத்தான் வைப்பது, இதில் கேட்க என்ன இருக்கிறது?

பங்குச் சாமியார் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "வீடு மந்திரிச்சப்போ நிலையா நிக்கணும்னுதான் செபம் சொன்னேன். நடக்கிறதுக்குப் புத்தகத்துல செபம் இல்லையேம்மா," என்றார் கித்தேரியிடம். பிறகு அவரே யோசித்து, தண்ணீரில் இறங்குகிற எதுவும் படகுதான் என்று முடிவு கட்டி, படகு மந்திரிப்புப் பக்கத்தில் ஒரு பூவை அடையாளமாகச் சொருகி வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் தொம்மையின் பயண ஏற்பாடும் நடந்துகொண்டுதான் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் முதல் தங்கலுக்குப் போகிறவன் என்றால் ஊருக்கு அது கல்யாணத்தைவிடப் பெரிய கேலி. குளிருக்குக் குல்லா ஒருவர் கொடுத்தார், பால்புட்டி ஒன்றைக் கதவிடுக்கில் யாரோ வைத்துவிட்டுப் போனார்கள். "மாப்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாட ஆள் போட்டாச்சா லெயோன்?" என்று ஐஸ் கம்பெனி வாசலில் கேட்டார்கள். தொம்மை எல்லாவற்றுக்கும் தலையைத் தலையை ஆட்டினான். வீட்டுத் தலையணை இல்லாமல் தூக்கம் வருமா என்று பார்க்க, மத்தியானம் கரையில் கிடந்த லெயோன் வள்ளத்தில் ஏறி வலைக் குவியல்மேல் படுத்துப் பார்த்தான். கயிறு முதுகில் உறுத்தியது. கித்தேரி கெட்டுப்போகாத புளிக்குழம்புக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டாள், நெத்திலிக் கருவாட்டை வறுத்துத் துவையல் அரைத்தாள், தண்ணீர் கேனைக் கழுவிக் கவிழ்த்தாள், டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டாள். பின்சுவர் நெருக்க நெருக்க, அவளும் அம்மியை நகர்த்தி, அடுப்பை நகர்த்தி, அரிசி டிரம்மை நகர்த்தி, மணலில் கோணிச்சாக்கை விரித்து வேலை பார்த்தாள். அவள் கை விறுவிறுவென்று ஓடியது. அதைப் பார்த்தவர்கள், பாவம், துக்கத்தை வேலையில் மறைக்கிறாள் என்று நினைத்தார்கள்.

கித்தேரிக்குத் துக்கம் இல்லை. அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஊருக்குத் தெரியாது, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை, ஏனென்றால் அது பாவமா இல்லையா என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரே ஒரு ராத்திரி தனியாகப் படுத்துத் தூங்க வேண்டும். பிறந்த வீட்டில் அக்காமாரும் தங்கைமாரும் ஒரே பாயில், நடுவில் இவள், ஒருத்தி புரண்டால் எல்லாரும் புரள வேண்டும். கட்டிக்கொண்டு வந்த வீட்டில் ஒரே அறை, மாமியார் ஒரு பக்கம் இருமிக்கொண்டு, தொம்மை ஒரு பக்கம் குறட்டை விட்டுக்கொண்டு. பிறகு மகள் ஸ்டெபி பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகிற வயதிலும் தாயின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். மாமியார் போய்ச் சேர்ந்து, ஸ்டெபியும் நர்சிங் படிக்க பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போன பிறகும், தொம்மை ஒரு ராத்திரிகூட வீடு தங்காமல் இருந்ததில்லை. ஒவ்வொருவர் மேலும் அவளுக்குப் பாசம்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளை எப்போதும் யாராவது எழுப்பியிருந்தார்கள். அழுது எழுப்பினார்கள், இருமி எழுப்பினார்கள், தோளைத் தட்டி எழுப்பினார்கள், கஞ்சி கேட்டு எழுப்பினார்கள். தூக்கம் தீர்ந்து தானாகக் கண் திறந்த காலை என்று ஒன்று அவள் பிறந்ததிலிருந்து இல்லை. அது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதனால்தான் லெயோன் வள்ளத்து ஆள் ஒருத்தன் மஸ்கட்டுக்குப் போய் இடம் காலியானதும், தம்பியைத் தனியே கூப்பிட்டு, "அத்தானைக் கேட்டுப் பாரேன்," என்றாள். கரைப்பக்கம் சாளை மீன் வருவது நின்றுபோனதைப் பேச்சோடு பேச்சாகத் தொம்மை காதில் போட்டவளும் அவள்தான். திருவிழாக் கடையில் ஒரு கோரைப்பாய் வாங்கியிருந்தாள், ஒரு ஆள் மட்டும் படுக்கிற மாதிரி ஒடுக்கமானது, ஓரத்தில் சிவப்புக் கரை போட்டது. அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தாள். வீடு நகர்ந்ததில் டிரம் சாய, பாய் உருண்டு வந்து தொம்மையின் காலடியில் விரிந்தது.

அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். "வள்ளத்துல விரிக்கதுக்கு எனக்கா வாங்கினே?" என்றான். கித்தேரி டிரம்மை நிமிர்த்திக்கொண்டே, "ஆமா," என்றாள். தொம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, "கயிறு உறுத்துதுன்னு நான் சொல்லவே இல்ல, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு," என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தான்.

அதைவிடப் பெரிய இடி புதன்கிழமை காலையில் வியாகுலத்தின் வாயிலிருந்து வந்தது. ஒருவன் முதல் தங்கலுக்குப் போகிற ராத்திரி தெருப் பெண்களெல்லாம் அவன் மனைவிக்குத் துணைக்கு வந்து படுப்பது அந்த ஊர் வழக்கம். அது கித்தேரிக்குத் தெரியாததில்லை. புருஷன் வயசானவன், கல்யாணமாகி வெகுகாலம் ஆயிற்று, இதற்கெல்லாம் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருந்தாள். வியாகுலமோ வாசலில் நின்று, "ஒன் வலப்பக்கம் நான், இடப்பக்கம் ரோசம்மா, கால்மாட்டுல என் மருமக. சின்னப்பிள்ளைக ரெண்டு கூட வரும், ஒன் மேல கால் போடும், பரவாயில்லலா? ராவு முழுக்க செபமாலை சொல்லுவோம். ஒன்னைக் கண்ண மூடவே விட மாட்டோம், கவலைப்படாத," என்றாள். கித்தேரி சரி என்று தலையசைத்துவிட்டு உள்ளே போய், அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீடு நகரத் தொடங்கியதிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். சன்னல் வழியே அதைப் பார்த்த இரண்டு பெண்கள் போய்த் தொம்மையிடம் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் தொம்மை வந்தான். வீடு அதற்குள் வேகம் பிடித்து, தன் தரையை முழுதாக விட்டுவிட்டு ஐஸ் கம்பெனி மூலையில் நின்றது. அங்கிருந்து பார்த்தால், தெருவில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் சிவப்புத் தரை மட்டும் கழுவிவிட்ட மாதிரிப் பளபளத்தது. தொம்மை மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நான் போகல," என்றான். "லெயோன்ட்ட சொல்லிருதேன். நான் போகலன்னா வீடும் போகாது. ஊரே சொல்லுது, அவ அழுதுகிட்டே இருக்கா, நீ பாட்டுக்குப் போறியேன்னு. உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்க போக?"

கித்தேரி கையிலிருந்த குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"போங்க," என்றாள்.

"நீ பயந்து போயிருக்க. வெளிய சொல்ல மாட்டேங்க."

"நான் பயப்படல. எனக்கு ஒரு ராத்திரி தனியாப் படுக்கணும். அதுக்குத்தான் ஒங்களைப் போகச் சொன்னேன். அழுதது நீங்க போறியன்னு இல்ல, வியாகுலமக்கா துணைக்கு வாராவன்னு."

வெளியே அலை வந்து போகிற சத்தம் சுவருக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

"நான் குறட்டை விடுதேன்னா?" என்றான் பிறகு.

"விடுதிய. அதுக்கில்ல."

"வேற நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீங்க ஒரு தப்பும் செய்யல. யாருமே செய்யல. பொறந்ததுலேருந்து யாராவது பக்கத்துல படுத்துருக்காவ, யாராவது எழுப்பியிருக்காவ. ஒரு நாளாவது ஒருத்தரும் எழுப்பாம நானா முழிக்கணும். அம்புட்டுதான் எனக்கு வேணும்."

தொம்மை மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தான். "அப்ப இந்தப் பாய்?"

"எனக்கு வாங்கினது."

அவனுக்கு வலித்தது. வலித்ததை அவன் மறைக்கவும் இல்லை. சாப்பிடாமல், பாயை மடியில் வைத்துக்கொண்டு அதன் சிவப்புக் கரையை நகத்தால் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷமாக ஒரு ராத்திரிகூட இவளை விட்டுப் போகாமல் இருந்ததைத் தான் செய்த பெரிய காரியமாக அவன் எண்ணியிருந்தான். கடலுக்குப் பயந்துதான் தங்கலுக்குப் போகவில்லை என்று ஊர் சொன்னபோதெல்லாம், இல்லை, வீட்டுக்காரிக்காகத்தான் என்று மனசுக்குள் பதில் சொல்லி வைத்திருந்தான். கித்தேரிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஒரு ராத்திரி போதுமா?" என்று கேட்டான் தொம்மை, தலையைத் தூக்காமல்.

"போதும்."

"சரி. சோத்தப் போடு." இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "கதவை நல்லாச் சாத்திட்டுப் படு," என்றான்.

"கதவுதான் ஒங்க கூட வருதே," என்றாள் கித்தேரி. அதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள், கொஞ்சம் அழுகையும் கலந்துதான்.

வியாழக்கிழமை மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் லெயோன் இஞ்சினைக் கிளப்பினான். வீட்டுச் சாமான்களைத் தெருக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். சுவரில் மாதா படம் மட்டும் இருந்தது, கடலுக்குப் போகிற இடத்தில் மாதா இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சாமியார் பூ சொருகிய பக்கத்தைத் திறந்து செபம் வாசித்து, வள்ளத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். தொம்மை குல்லாவைப் போட்டுக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு வள்ளத்தில் ஏறினான். ஏறியவன், தோளில் இருந்த பாயை எடுத்துக் கரையில் நின்ற கித்தேரியைப் பார்த்து வீசினான்.

"வள்ளத்துல இடமில்ல. நீயே வச்சுக்க," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"ஆசையா வாங்கித் தந்ததை நாலு பேரு முன்னால தூக்கி எறியுதான் பாரு, ஈவு இரக்கம் இல்லாதவன்," என்றாள் வியாகுலம். கித்தேரி பாயைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

வள்ளம் அலையைத் தாண்டியதும் வீடும் இறங்கியது. இந்தத் தடவை எல்லாரும் பார்க்கப் பார்க்கவே நகர்ந்தது. நிலைவாசல் முதல் அலையைத் தொட்டதும் ஒரு நிமிஷம் நின்றது, எல்லா வள்ளமும் நிற்கிற மாதிரிதான், பிறகு லேசாகத் தூக்கிக்கொண்டு மிதந்தது. கூரையில் இருந்த காக்கை எழுந்து ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பவும் கூரையிலேயே உட்கார்ந்தது. சுவரில் எழுதிய 'கித்தேரி' நீல எழுத்து நனைந்து பளிச்சென்று தெரிய, வீடு வள்ளத்தின் பின்னாலேயே போயிற்று. நல்ல ஓட்டம், ஆட்டமே இல்லை என்று கரையில் நின்ற ஆண்கள் மெச்சிக்கொண்டார்கள்.

அது கண்ணுக்குச் சின்னதானதும் பெண்கள் கித்தேரியைச் சூழ்ந்துகொண்டார்கள். "வீடுதான் இல்லையே, எங்க வீட்டுக்கு வா. துணைக்கு எல்லாரும் அங்கயே படுப்போம்," என்று வியாகுலம் கையைப் பிடித்து இழுத்தாள். கித்தேரி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. முந்தின ராத்திரி முழுக்கப் படுத்துப் புரண்டு யோசித்து வைத்திருந்ததை நிதானமாகச் சொன்னாள்.

"நான் எப்படிக்கா வர? காலம்பற வீடு திரும்பி வரும்போது அதுக்கு எடம் தெரியணும்லா. வெறும் தரையைப் பாத்தா அது என்ன கண்டுச்சு? நான் அங்கன படுத்துக் கெடந்தாத்தான் இது நம்ம எடம்னு ஏறி உக்காரும்."

அதில் நியாயம் இருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நாங்களும் தரையிலயே படுக்கோம்," என்றாள் வியாகுலம்.

"கூட்டமாக் கெடந்தா வேற யாரு வீடோன்னு நெனச்சுத் தாண்டிப் போயிராதா? அதுக்கு என் ஒருத்தியத்தான் தெரியும்."

வியாகுலம் பிடித்திருந்த கையை விட்டாள். வீடுகளின் சுபாவத்தைப் பற்றி அந்த ஊருக்கு நாலு நாளாகத்தான் தெரியும், அதிலும் கித்தேரிக்குத்தான் கூடத் தெரியும். நல்ல காரியம் கெட்டுப்போகக் கூடாதே என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வீடு வழி தவறிப் போய்விடாமல் இருக்க, தெருவில் யாரும் அந்தப் பக்கம் நடமாடக் கூடாது, நாயைக் கட்டிப் போட வேண்டும் என்று இன்னாசி பர்னாந்து தன் பங்குக்கு ஓர் உத்தரவும் போட்டார்.

கித்தேரி சிவப்புத் தரையின் நடுவில் ஒற்றைப் பாயை விரித்தாள். எந்தப் பக்கம் தலை வைப்பது என்று அவளே தீர்மானிக்க வேண்டியிருந்தது, அதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. மேலே கூரை இருந்த இடத்தில் வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது. படுத்தாள். இடக்கையை நீட்டினாள், யாரும் இல்லை. வலக்கையை நீட்டினாள், யாரும் இல்லை. தன் மூச்சுச் சத்தத்தை அன்றைக்குத்தான் அவள் காதால் கேட்டாள். அது சின்னதாக, கொஞ்சம் அவசரமாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. தொம்மை சாப்பிட்டிருப்பானா என்று ஒரு தரம் நினைத்தாள், பிறகு அதையும் நினைக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, ஊர் சொல்லித்தான் தெரியும். விடிந்து வெயில் ஏறின பிறகு லெயோன் வள்ளம் நிறையச் சீலா மீனோடு வந்தது. பின்னாலேயே வீடு, சன்னல் மட்டத்துக்கு நனைந்து, கம்பிகளில் பாசி தொங்க, கூரையில் அதே காக்கையோடு வந்தது. கரையேறி, ஐஸ் கம்பெனி ஓரமாகத் திரும்பி, வந்த வழியே நேராகத் தெருவுக்கு வந்து, சிவப்புத் தரையின் விளிம்பில் நின்றது. மேலே ஏறவில்லை. நடுவில் கித்தேரி தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கால் பாய்க்கு வெளியே.

"அக்கா!" என்று லெயோன் வாயைத் திறந்தான். தொம்மை ஓடி வந்து, மீன் கவிச்சி போகாத கையாலேயே அவன் வாயைப் பொத்தினான்.

"கத்தாதல. தூங்குதா."

"வீடு நிக்கில்லா அத்தான்?"

"நிக்கட்டும். அவளா முழிப்பா."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வீடு வந்து வாசலில் நிற்கும்போது எழுப்பாமல் இருப்பது என்ன வழக்கம் என்று வியாகுலம் முணுமுணுத்தாள். தொம்மை அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இரண்டு பேரும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்த வியாகுலம் தரையோரத்தில் உட்கார்ந்து, தூங்குகிறவளைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு பாத்திரம் உருளவில்லை. மீன் ஏலம் அன்றைக்கு விரலைக் காட்டியே நடந்தது, கடைசி விலையைக்கூடக் காதோடு காதாகத்தான் சொன்னார்கள். மத்தியானக் கோயில் மணி அடிக்கப் போன, சாமியாருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார் மணியின் நாக்கைத் துணியால் சுற்றிவிட்டு, கயிற்றை மரியாதைக்கு இழுத்து வைத்தார். வெயில் கித்தேரியின் முகத்துக்கு வந்தபோது நாலு பேர் தார்ப்பாயை நாலு மூலையில் பிடித்துக்கொண்டு நிழல் கொடுத்தார்கள், கை வலித்தால் ஆள் மாற்றிக்கொண்டார்கள். வீடும் பொறுமையாக நின்றது, காற்றுக்குச் சன்னல் அடித்துக்கொள்ளவில்லை.

கித்தேரி கண்ணைத் திறந்தாள்.

யார் எழுப்பியது என்றுதான் அவள் முதலில் தேடினாள், அது அவளுக்குப் பழக்கம். யாரும் எழுப்பியிருக்கவில்லை. தலைக்கு மேலே தார்ப்பாய், அதன் மூலையைப் பிடித்துக்கொண்டு வியர்வை வழிய நின்ற இன்னாசி பர்னாந்து, காலடியில் ஈரம் சொட்டுகிற வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் குல்லாவைக் கழற்றாத தொம்மை, அவன் பின்னால் ஊர். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. உடம்பில் எங்கும் வலி இல்லை, நெஞ்சில் யாருக்காகவும் அவசரம் இல்லை. ஓ, இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தாள்.

தொம்மையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்," என்றாள். சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தொம்மை தலையை ஆட்டினான். நிலையில் உள்ளங்கையை வைத்து, சத்தம் வராமல் இரண்டு தட்டுத் தட்டி, "இரு" என்று வீட்டிடம் சொன்னான். பிறகு அதன் நிழலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.